டிரை ரன், டிரை வாஷ், டிரை ஒயின்: தமிழில் என்ன எழுதுவது?

செம்மண்தரை
எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை விடுதியாக நடத்துகிறார்கள், அங்கே எனக்கு அலுவலக வேலை. வேலையாட்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்துக்காரர்கள் என்பதால் எல்லாப் பலகையும் தமிழிலும் இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. டிரை என்ற ஒரு சொல் மட்டும் உயிரை வாங்குகிறது.

சாப்பாட்டுப் பட்டியலில் சிக்கன் டிரை. அரிசி பருப்பு வைக்கும் அறைக்கு டிரை ஸ்டோர். துணிக்கு டிரை வாஷ். பாரில் டிரை ஒயின், டிரை டே. தீயணைப்பானில் டிரை கெமிக்கல் பவுடர். கொல்லையில் மோட்டார் பெட்டியில் டிரை ரன் என்று ஒரு சிவப்பு விளக்கு. பலகை எழுதுபவர் எல்லாவற்றுக்கும் 'உலர்' என்று போட்டுக் கொண்டுவந்தார். 'உலர் நாள்' பலகையைப் பார்த்த சலவைக்கார அக்கா, அன்றைக்கு வெயில் நன்றாக அடிக்குமா என்று கேட்டார்.

இன்னொன்று. போன வாரம் மேலாளர் வாட்ஸ்அப் குழுவில் 'நாளை பத்து மணிக்கு டிரை ரன்' என்று போட்டார். கல்யாண கோஷ்டி வருவதற்கு முன் ஒரு ஒத்திகை என்று அர்த்தம். எலக்ட்ரீசியன் அண்ணன் அதைப் படித்துவிட்டு, போர்வெல் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது போல என்று ஓடிவந்து லைனை நிறுத்திவிட்டார். மாடியில் ஒரு விருந்தினர் பாதிக் குளியலில் இருந்தார்.

தேவகோட்டை ரஸ்தா
அவருக்கு மட்டும் ஒத்திகை இல்லை, நேரடி நிகழ்ச்சி.

பள்ளத்தூர் டீச்சர்
ரஸ்தா தம்பி, உன்னை இன்னும் யாரும் திருத்தவில்லை போலிருக்கிறது.

செம்மண்தரை அம்மா, பள்ளியில் ஆங்கிலம் நடத்திய காலத்தில் பிள்ளைகளுக்கு நான் சொன்னது இதுதான். டிரைக்குப் பொருள் தேடாதே, அதற்கு எதிர்ப்பக்கம் என்ன நிற்கிறது என்று பார். துணி என்றால் எதிரே ஈரம். இருமல் என்றால் எதிரே சளி. ஒயினுக்கு எதிரே இனிப்பு. டிரை டோஸ்ட் என்றால் வெண்ணெய் தடவாத ரொட்டி. கன்று போடுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்திவிட்ட பசுவையும் டிரை என்பார்கள், அங்கே இல்லாதது பால். வழக்கமாகக் கூட இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்பதோடு அந்தச் சொல் நின்றுவிடுகிறது. எது இல்லை என்று சொல்வதில்லை, கேட்பவருக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறது.

தமிழுக்கு அது போதாது. ஈரம் எங்கிருந்து, எப்படிப் போனது என்று பார்க்கும். வெயிலில் கிடந்தால் காய்ந்தது, காற்றாடக் கிடந்தால் உலர்ந்தது. கிணறு வற்றும், குழம்பு சுண்டும், தொண்டையும் நிலமும் வறளும், பூ வாடும். போகிற போக்கில் பொருளே வேறாகிவிட்டால் பெயரையும் மாற்றிவிடுவோம். இஞ்சி சுக்கு ஆகிறது, தேங்காய் கொப்பரை ஆகிறது, இலை சருகு, மீன் கருவாடு, சாணி வறட்டி. கறவை குறைந்துகொண்டே வரும் மாட்டுக்கு வத்தக்கறவை என்று தனிப்பெயரே உண்டு.

அதனால் எல்லாப் பலகைக்கும் ஒரே சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொன்றாகத்தான் எழுத வேண்டும்.

கரண்டி மாஸ்டர்
டீச்சர் சொன்னது சரி. ஆனால் அடுப்படியில் எதிர்ப்பக்கம் நிற்பது ஈரம் இல்லை, கிரேவி. அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. டிரை கொடுங்கள் என்று கேட்கிற நாலு பேரும் மனதில் வைத்திருப்பது நாலு பண்டம்.

வறுவல் என்றால் எண்ணெய் பிரிந்து கறியின் மேல் மசாலா முறுக வேண்டும். பிரட்டல் என்றால் மசாலா கறியோடு ஒட்டி நிற்கும், தட்டைச் சாய்த்தாலும் ஓடாது, ஆனால் சோற்றில் பிசையலாம். சுக்கா இன்னும் ஒரு படி இறுகியது. நம் ஊர் உப்புக்கறிக்கு மசாலாப் பொடியே கிடையாது. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிப்போட்ட வரமிளகாய், அதோடு கறி விட்ட தண்ணீரிலேயே கறி வெந்து அந்தத் தண்ணீர் சுண்ட வேண்டும். இந்த நாலையும் டிரை என்ற ஒரே பெட்டியில் போட்டது ஓட்டல்காரர்கள்தான், நானும் அதில் ஒருவன்.

இன்னொரு முக்கியமான சங்கதி. நம் ஆள் 'சிக்கன் டிரை' என்றால் அது ஆர்டர். வெளிநாட்டு விருந்தினர் 'சிக்கன் டிரை' என்றால் அது புகார். சாறு போய்ச் சக்கையாகிவிட்டது என்கிறார். நெஞ்சுக்கறியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் அடுப்பில் விட்டால் நார் சுருங்கி, உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். பரிமாறுகிற பையன்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். ஒருத்தர் முகம் சுளித்து டிரை என்றதற்கு ஒரு பையன் 'தேங்க்யூ' சொல்லிவிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

செம்மண்தரை
மாஸ்டர், பையன்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். சமையல் வகுப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அட்டையில் இதற்கு நேர்மாறான சிக்கல். 'எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடவும்' என்று ஆச்சி சொல்லச் சொல்ல எழுதியது. யாரோ அதைச் செயலியில் போட்டு ஆங்கிலமாக்கினார்கள். எண்ணெய் உலர எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒரு அம்மா கேட்கிறார்.

பள்ளத்தூர் டீச்சர்
அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. காய்தல் என்பதில் முதலில் இருப்பது சூடு, ஈரம் போவது அதன் விளைவு. எண்ணெய் காய்கிறது, உடம்பு காய்ந்தால் காய்ச்சல், பாலைக் காய்ச்சுகிறோம். மார்கழியில் குளிர் காய்கிறோம், அங்கே எதுவுமே உலர்வதில்லை. நிலாக்கூடக் காய்கிறது, அதில் சூடும் இல்லை, வெளிச்சம் மட்டும்தான். பட்டினி கிடந்தால் வயிறு காய்கிறது. காய்ந்த மாடு கம்பில் விழுந்த கதையில் மாட்டுக்கு ஈரம் போகவில்லை, தீனிதான் இல்லை. காய்தல் உவத்தல் இன்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்கிறபோது அதே சொல் வெறுப்பாகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் ஒரு சொல் பல வேலை செய்கிறது என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். நம்முடையது மட்டும் என்ன?

கடல்தாண்டி
சொந்த ஊர் கோட்டையூர், இப்போது சிங்கப்பூரில் ஒரு ஓட்டல் பாரில் வேலை. ஒயின் பற்றி மட்டும் சொல்கிறேன்.

திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஏறக்குறைய முழுவதையும் தின்று தீர்த்துவிட்டால் அது டிரை ஒயின். ஐரோப்பிய விதிப்படி பொதுவாக ஒரு லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது, புளிப்பு அதிகமாக இருந்தால் 9 கிராம் வரை விடுவார்கள். ஆகவே 'இனிப்பில்லாத ஒயின்' என்று எழுதுங்கள், போதும். சிலர் 'துவர்ப்பு ஒயின்' என்று எழுதுகிறார்கள், அது வேறு. நாவல்பழம் தின்றால் நாக்கு இழுக்கிறதே, அந்த வேலையைச் சிவப்பு ஒயினில் செய்வது டானின். இனிப்பு ஒயினிலும் டானின் இருக்கலாம்.

பொங்கும் ஒயின் வாங்கும்போது கவனம். ஷாம்பெயின் போத்தலில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருந்தால் இனிப்பே இருக்காது என்று நினைப்பீர்கள். அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம். வெறும் டிரை என்று போட்டது 17 முதல் 32. இரண்டையும்விட இனிப்புக் குறைந்தது 'புரூட்', 12 கிராமுக்குக் கீழே. சர்க்கரை குறைவாக வேண்டும் என்று டிரை கேட்கிற விருந்தினருக்கு நான் புரூட்டைத்தான் காட்டுவேன்.

டிரை மார்ட்டினி என்பது இன்னொரு கணக்கு. அதில் குறைப்பது ஜின்னோடு சேர்க்கும் வெர்மூத் என்ற மூலிகை ஒயினை.

தேவகோட்டை ரஸ்தா
டிரை டே அன்றைக்கு டிரை ஒயின் கிடைக்குமா அண்ணே?

கடல்தாண்டி
உனக்கு எந்த நாளும் கிடையாது தம்பி.

டிரை டேக்கு உலர், வறட்சி எதுவும் வேண்டாம். 'இன்று மது விற்பனை இல்லை.' அவ்வளவுதான். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், மே தினம் எல்லாம் பட்டியலில் வரும். ஊருக்கோ மாநிலத்துக்கோ டிரை என்று சொன்னால் மதுவிலக்கு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தது. அதை ஆதரித்தவர்களை டிரை என்றும் எதிர்த்தவர்களை வெட் என்றும்தான் சொன்னார்கள். நம் பக்கம் 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் முதலில் கொண்டுவந்தார். நமக்கு ஈரம், உலர்வு என்று சுற்றி வளைக்கத் தேவைப்படவில்லை, நேராக விலக்கு என்றே சொல்லிவிட்டோம்.

மின்கலம்
காரைக்குடியில் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிலையத்தின் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் பேட்டரி பேச்சு வந்தால் சும்மா இருக்க முடியாது. டீச்சரின் கணக்கு ஒரு இடத்தில் இடிக்கிறது. டிரை செல்லில் எது இல்லை? எல்லாம் இருக்கிறது.

1866-இல் லெக்லான்ஷே செய்த மின்கலம் ஒரு கண்ணாடி ஜாடி, உள்ளே நவச்சாரக் கரைசல். சாய்த்தால் கொட்டிவிடும். 1886-இல் கார்ல் காஸ்னர் அந்தக் கரைசலோடு பாரிஸ் சாந்தைக் கலந்து பசையாக்கித் துத்தநாகக் குவளைக்குள் அடைத்தார். அதன்பிறகு தலைகீழாகப் பிடித்தாலும் கொட்டாது, டார்ச் லைட் சாத்தியமானது. ஆனால் அந்தப் பசை ஈரமாக இருந்தே ஆக வேண்டும். அயனிகள் நகர ஈரம் வேண்டும். உண்மையிலேயே காய்ந்துபோன டிரை செல் செத்த செல்.

டிரை வாஷும் அப்படித்தான். துணியை நனைக்காமல் எதையும் வெளுக்க முடியாது. நனைப்பது தண்ணீரில் இல்லை, பெர்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பானில். எண்ணெய்க்கறை அதில் கரைந்துவிடும், பட்டு நூல் உப்பிச் சுருங்காது. நம் ஊரில் பெட்ரோல் வாஷ் என்றே சொல்வார்களே, அந்தப் பெயர்தான் நேர்மையானது. பலகையில் 'தண்ணீரில் நனைக்கக் கூடாதவை' என்று கூடைக்கு மேலே எழுதிவிட்டால் சலவைக்கார அக்காவுக்கு வேலை சுலபம். கண்டாங்கிச் சேலையை அந்தக் கூடையில் போட்டுவிடாதீர்கள், பருத்திக் கண்டாங்கிக்குத் தண்ணீர்தான் சரி.

டிரை ஐஸ் இன்னொரு வகை. உறைந்த கார்பன் டை ஆக்சைடு. கழித்தல் 78.5 டிகிரியில் உருகாமல் நேரே வாயுவாகிவிடும், தட்டில் சொட்டுத் தண்ணீர் நிற்காது. 1920-களில் அமெரிக்காவில் வியாபாரப் பெயராக வந்தது, இப்போது பொருளுக்கே பெயராகிவிட்டது.

ஆக இந்த மூன்றிலும் எதுவும் குறைந்து போகவில்லை. முந்தையதைப் போல நான் கொட்ட மாட்டேன், நனைக்க மாட்டேன் என்கிற பெருமைதான் அந்த டிரை.

பள்ளத்தூர் டீச்சர்
ஒப்புக்கொள்ள மாட்டேன் ஐயா. எதிர்ப்பக்கம் யார் நிற்கிறார் என்றுதான் நானும் கேட்கச் சொன்னேன். உங்கள் செல்லுக்கு எதிரே ஜாடி நிற்கிறது, டிரை வாஷுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி. வாதம் உங்களுடையது, தீர்ப்பு எனக்குச் சாதகம்.

புதுவயல் மில்
நெல் வியாபாரம் செய்கிறவன். இந்தச் சொல் நிலத்தில் பண்ணியிருக்கிற வேலையையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஆங்கிலப் பத்திரங்களில் வெட் என்றால் நஞ்சை, டிரை என்றால் புஞ்சை. படித்தால் தண்ணீர் உள்ள நிலம், தண்ணீர் இல்லாத நிலம் என்றுதான் தோன்றும். கணக்கு அப்படி இல்லை. கண்மாய், வாய்க்கால் மாதிரி சர்க்கார் பாசனம் உண்டா என்பதே கேள்வி. சொந்தமாகப் போர் போட்டு வருஷம் முழுக்க வாழை நிற்கிற இடம் புஞ்சையாகவே பதிவில் இருக்கும். கண்மாய் மேடிட்டுப்போய்ச் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிற வயல் இன்னும் நஞ்சைதான். வெளியூர்க்காரர் இணையத்தில் 'டிரை லேண்ட், சிவகங்கை மாவட்டம்' என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் இருக்காது என்று ஓடுகிறார், இல்லாவிட்டால் வெட் என்பதை நம்பி வாங்கி ஏமாறுகிறார். வறண்ட நிலம் வேறு, மானாவாரி வேறு, புஞ்சை வேறு. மூன்றையும் டிரையில் அடைக்கக் கூடாது.

அளவையிலும் உண்டு. அமெரிக்காவில் பைண்ட் என்பது இரண்டு. பாலுக்குள்ள பைண்ட் 473 மில்லி. தானியம், பழத்துக்கு டிரை பைண்ட், அது 551 மில்லி. ஒரே பெயர், ஏறக்குறைய எண்பது மில்லி வித்தியாசம்.

டிரை ஸ்டோருக்குப் 'பலசரக்கு அறை' என்று எழுதுங்கள். டிரை கூட்ஸ் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அமெரிக்கர்கள் துணிக்கடை என்று நினைப்பார்கள். அங்கே அந்தப் பெயர் துணிமணிக்குத்தான். ஜீன்ஸ் புகழ் லெவி ஸ்ட்ராஸ் சான் பிரான்சிஸ்கோவில் நடத்தியதும் டிரை கூட்ஸ் வியாபாரம்தான்.

தேவகோட்டை ரஸ்தா
தாளில் நஞ்சை, தரையில் கருவேலம். எங்கள் பங்காளி நிலம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆத்தங்குடி கல்
நாங்கள் தரைக்கல் போடுகிறவர்கள். பட்டறை பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கேட்கிற கேள்வி, கல் காய எத்தனை நாள் ஆகும் என்பது. கல் காய்வதால் இறுகுவதில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றுவோம். அச்சை எடுத்ததும் அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தண்ணீர் சேர்க்காமல் தூவுவோம், அது வண்ணத்தில் மிஞ்சிய ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேலே ஈரக் கலவை. நடுவில் இருக்கிற அந்தப் பொடியை டிரை என்று சொன்னால் சரி, நாங்களும் அப்படித்தான் சொல்வோம். அப்புறம் கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவோம். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் கெட்டியாகிறது. சீக்கிரம் காயவிட்டால் வெடிக்கும். பழைய வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சும் அதே கதை, அது காற்றில் இருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக் கல்லாகும், அதற்கும் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும். சுவருக்கும் தரைக்கும் காய்ந்தது என்று சொல்லாதீர்கள். இறுகியது, பிடித்தது என்பதுதான் கொத்தனார் பேச்சு.

இன்னொரு வேடிக்கை. ஒரு வெளிநாட்டு அறிக்கையைக் காட்டி, வளவில் உத்தரத்துக்கு டிரை ராட் என்று எழுதியிருக்கிறது, மரம் ரொம்பக் காய்ந்துவிட்டதா என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டார். அது ஒரு பூஞ்சை நோய். ஈரம் ஏறிய மரத்தில்தான் வரும். அரித்து முடித்தபின் மரம் வெட்டுவெட்டாகப் பிளந்து பொடியாகிக் காய்ந்த மாதிரி தெரிவதால் அந்தப் பெயர். ஐரோப்பியக் குளிர்நாட்டு வீடுகளுக்கு உரிய சீக்கு. நம் தேக்கு உத்தரத்தில் பொடி உதிர்ந்தால் கரையானையும் வண்டையும் பாருங்கள், ஓடு ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

குன்றக்குடி வாசி
குறுக்கே ஒன்று. கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது என்று அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனால் 'டிரை ஐ' என்கிறார். அம்மா அவரை இன்னும் நம்பவில்லை.

மின்கலம்
டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கண்ணின் மேல் எப்போதும் இருக்க வேண்டிய மெல்லிய படலம் கெட்டுப்போனால் கண் உறுத்தும். உறுத்தினால் கண்ணீர் கொட்டும், ஆனால் அது கண்ணில் தங்காமல் வழிந்துவிடும். கண் வறட்சி என்று சொல்லுங்கள், அம்மா ஒத்துக்கொள்வார்.

செம்மண்தரை
முக்கால்வாசி முடிந்துவிட்டது. டிரை ரன் விளக்குக்குக் கீழே 'தண்ணீர் இல்லை. மோட்டாரைப் போடாதே' என்று எலக்ட்ரீசியன் அண்ணனே எழுதிவிட்டார். அந்தப் பெட்டி கரண்ட் இழுப்பு குறைவதைப் பார்த்துத் தண்ணீர் இல்லை என்று கண்டுபிடிக்குமாம். தண்ணீர்தான் மோட்டாரைக் குளிர வைக்கிறது, இல்லாவிட்டால் காயில் போய்விடும் என்று ஒரு வகுப்பே எடுத்தார். மேலாளரும் இனி 'ஒத்திகை' என்றுதான் போடுகிறார்.

தீயணைப்பான் ஒன்றுதான் பாக்கி. 'உலர் வேதிப் பொடி' என்று போடலாமா?

மின்கலம்
பொடி என்றாலே காய்ந்ததுதான், 'தீயணைக்கும் பொடி' போதும். ஆனால் அது எந்த இடத்துக்கு என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். எதிர்ப்பக்கம் வெட் கெமிக்கல் என்று ஒரு வகை இருக்கிறது, அது அடுப்படிக்கு. பொரிக்கிற எண்ணெய் தீப்பிடித்தால் பொடி சுடரை அமர்த்தும், எண்ணெய் சூடு ஆறாமல் இருந்தால் திரும்பப் பற்றிக்கொள்ளும். வெட் கெமிக்கல் எண்ணெயின் மேல் சோப்பு மாதிரி ஒரு நுரைப்படலம் உண்டாக்கிக் காற்றை மறித்துக் குளிர வைக்கும். மாஸ்டர் பக்கத்தில் அதைத் தொங்கவிடுங்கள். 'எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றாதே' என்பதைப் பெரிய எழுத்தில்.

தேவகோட்டை ரஸ்தா
டீச்சர், என் நகைச்சுவையை ஆபீசில் டிரை ஹியூமர் என்கிறார்கள். இது ஆர்டரா, புகாரா?

பள்ளத்தூர் டீச்சர்
ஆங்கிலத்தில் பாராட்டு. சொல்கிறவன் முகத்தில் சிரிப்பு இருக்காது, குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது, கேட்கிறவன் ஒரு நொடி கழித்துச் சிரிப்பான். இல்லாமல் போவது சொல்கிறவனின் சிரிப்பு மட்டும். இதை 'வறட்டு நகைச்சுவை' என்று பெயர்த்தால் கெட்டது குடி. தமிழில் வறட்டு என்று ஆரம்பித்தால் நல்லது எதுவும் வராது. வறட்டு கௌரவம், வறட்டுப் பிடிவாதம், வறட்டு இருமல். இதற்கு ஊமைக்குசும்பு என்று நல்ல சொல் இருக்கிறது, அதைச் சொல்லலாம்.

உன்னுடையது அது இல்லை தம்பி. நீ சொல்லி முடிப்பதற்குள் நீயே சிரித்துவிடுகிறாய்.

கரண்டி மாஸ்டர்
செம்மண்தரை, எல்லாப் பலகையும் மாற்றுங்கள், என் பட்டியலில் மட்டும் கை வைக்காதீர்கள். போன மாதம் ஒரு கிளையில் 'சிக்கன் டிரை'யை எடுத்துவிட்டு 'கோழிப் பிரட்டல்' என்று அழகாகப் போட்டோம். வந்தவர்கள் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டிரை ஒன்றும் இல்லையா என்று கேட்டு பரோட்டாவோடு ஆம்லெட் சாப்பிட்டுப் போனார்கள். இப்போது மேலே சிக்கன் டிரை, கீழே சின்ன எழுத்தில் பிரட்டல் என்று இருக்கிறது. வேண்டுமானால் அந்த அட்டையின் படத்தை அனுப்புகிறேன்.

செம்மண்தரை
அனுப்புங்கள் மாஸ்டர். உப்புக்கறியையும் டிரைக்குக் கீழேயா போட்டிருக்கிறீர்கள், தனியாகவா?

கரண்டி மாஸ்டர்
தனியாக. உப்புக்கறியை உப்புக்கறி என்று தெரிந்து கேட்கிறவருக்கு மட்டும்தான் கொடுப்பேன்.